துணைப் பாத்திரங்களின் வளர்ச்சியும் அவர்களுக்கான சவால்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணைப் பாத்திரம் என்று இங்கே யாரைச் சொல்கிறோம்?

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில் இச்சொல் இரண்டு வகையினரைக் குறிக்கும். முதல் வகையினர், ஆட்டக்காரர் ஒருவர் தம் சொந்தப் பாத்திரமாகவே ஆடுகிற, ஆனால் பிறரைத் தாங்கிப் பிடிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்டவர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் காயம் ஆற்றும் கிளெரிக், பாட்டால் ஊக்கமூட்டும் பாணர், 2008-இல் வெளிவந்த 4-ஆம் பதிப்பில் ‘லீடர்’ என்ற பொறுப்பின்கீழ் வைக்கப்பட்ட வார்லார்டு ஆகியோர் இவ்வகை. இரண்டாம் வகையினர், முதன்மைப் பாத்திரங்களின் பின்னால் வரும் கூலிவீரர், சீடர், பணியாள் போன்றவர்கள்; இவர்களை, ஆட்டத்தை நடத்துபவரான கேம் மாஸ்டர் இயக்குவார், அல்லது ஆட்டக்காரர் ஒருவர் தம் பாத்திரத்தோடு சேர்த்து இயக்குவார். இரு வகையினரின் சிக்கலும் ஒன்றல்ல. இங்குள்ள விடைகளில் பெரும்பாலானவை முதல் வகையினரைப் பற்றியவை. இரண்டாம் வகையினருக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

எல்லோருக்கும் அனுபவப் புள்ளிகளைச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பாதிதான் தீரும். அனுபவப் புள்ளி, அதாவது எக்ஸ்பி, சமமாகக் கிடைத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் லெவல், அதாவது பாத்திரத்தின் வலிமைப் படி, ஏறுவார்கள் என்பது உண்மை. ஆனால் துணைப் பாத்திரத்தை ஆடுபவர்கள் சொல்லும் குறையைக் கவனித்துக் கேட்டால், அது பெரும்பாலும் புள்ளியைப் பற்றியதாக இருப்பதில்லை. அந்த லெவலை அடைய அவர்கள் எதையும் கடக்க வேண்டியிருக்கவில்லை என்பதே குறை. வீரர் அரக்கனை வெட்டினார், திருடர் பூட்டைத் திறந்தார், மந்திரவாதி பாலத்தை எரித்தார்; கிளெரிக் அவர்கள் மூவரையும் நிற்க வைத்திருந்தார் என்றாலும், கதை சொல்லப்படும்போது அவருக்கென்று ஒரு வாக்கியம் இருப்பதில்லை.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் இயந்திர அமைப்பிலேயே இருக்கிறது. துணைச் செயல் பெரும்பாலும் மற்றொருவரின் உருட்டலுக்குள் கரைந்துவிடுகிறது: கூட்டல் ஒன்று, கூடுதல் பகடை ஒன்று, மறு உருட்டல் ஒன்று என்ற வடிவில் அது அங்கே சேர்கிறது. வெற்றியும் தோல்வியும் உருட்டியவர் பெயரிலேயே பதிவாகின்றன. ஆகவே துணைப் பாத்திரத்துக்கு முதலில் வேண்டியது, தோற்கவும் வாய்ப்புள்ள, தன் பெயரில் பதிவாகிற ஒரு சோதனை. புள்ளிக் கணக்கைச் சரிசெய்வது அதற்கு அடுத்த வேலை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய பதிப்புகள் இதை எப்படிக் கையாண்டன?

விலையை மாற்றிக் கையாண்டன. 1981-இன் பேசிக் விதிகளில் வீரர் இரண்டாம் லெவலுக்கு ஏற 2,000 எக்ஸ்பி வேண்டும், மந்திரவாதிக்கு 2,500, கிளெரிக்குக்கு 1,500 போதும். அதே விதிகளில் முதல் லெவல் கிளெரிக்குக்கு ஒரு மந்திரம்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சலுகையின் நியாயம் விளங்கும். முக்கியமான இன்னொன்று, அந்நாளில் எக்ஸ்பியின் பெரும்பகுதி கொன்ற உயிர்களிலிருந்து வரவில்லை. வெளியே கொண்டுவந்த பொன்னிலிருந்து, ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் வந்தது. பொன்னைச் சுமந்து உயிரோடு திரும்புவதே இலக்கு என்னும்போது, உயிரைக் காப்பவரின் பங்கைப் பற்றி யாரும் வாதிட வேண்டியதில்லை. பரிசு எதற்கு என்பதை மாற்றினால் பங்கு குறித்த சண்டையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

வீரர், திருடர், கிளெரிக் போன்ற ஒவ்வொரு வகுப்புக்கும் அதன் வேலைக்கேற்பத் தனி எக்ஸ்பி கொடுத்தால் என்ன?

1989-இல் வெளிவந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இரண்டாம் பதிப்பு இதைச் செய்து பார்த்தது. அதன் தனிநபர்ப் பரிசு அட்டவணைப்படி, தம் சமயக் கொள்கையை முன்னெடுக்கும் விதத்தில் சமயகுரு (கிளெரிக் இவ்வகையைச் சேர்ந்தவர்) இடும் மந்திரத்துக்கு, அம்மந்திரத்தின் லெவல் ஒன்றுக்கு 100 எக்ஸ்பி. திருடர் தம் சிறப்புத் திறன் ஒன்றை வெற்றிகரமாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறைக்கும் 200 எக்ஸ்பி. திருடர் இரண்டாம் லெவலுக்கு ஏற 1,250 புள்ளிகளே வேண்டியிருந்ததால், ஏழு பூட்டுகள் அவரை அங்கே சேர்த்துவிடும்.

நோக்கம் நல்லதுதான், துணைச் செயலுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று எழுத்தில் சொன்னது. ஆனால் செயலின் எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால், செயல் தேவைப்பட்டதா என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. யாரும் கேட்காத கதவுக்கெல்லாம் திருடர் காது வைப்பார்; சிராய்ப்புக்குக்கூடக் கிளெரிக் மந்திரம் சொல்வார், அதில் சமயக் கொள்கை எங்கே இருக்கிறது என்று கேம் மாஸ்டரோடு வாதாடவும் செய்வார். எண்ணிக்கைக்குப் பரிசு தரும், மேசையில் சொந்தமாக வகுத்துக்கொண்ட எந்த வீட்டு விதியும் இந்தக் குழியில் விழும். ‘ஆற்றிய ஒவ்வொரு உயிர்ப்புள்ளிக்கும் ஒரு எக்ஸ்பி’ என்ற யோசனை (உயிர்ப்புள்ளி என்பது பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதன் கணக்கு) மேசைக்கு மேசை மீண்டும் மீண்டும் முளைக்கிறது. அதை ஏற்காமல் இருப்பதே நல்லது. அந்த விதியின் கீழ் அடிபடாமல் குழுவை நடத்திச் செல்லும் கெட்டிக்காரக் கிளெரிக்குக்கு ஒன்றும் கிடைக்காது.

உதவியதற்காகவே துணைப் பாத்திரம் பின்தங்கிய விதிகளும் இருந்தனவா?

இருந்தன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் அதன் 3.5 திருத்தத்திலும், மந்திரப் பொருள் செய்பவர் அதன் அடிப்படை விலையில் 25-இல் ஒரு பங்கைத் தம் சொந்த எக்ஸ்பியிலிருந்து செலவிட வேண்டும். சிறு காயங்களை ஆற்றும் மந்திரக்கோலின் விலை 750 பொற்காசு. அதைச் செய்யும் கிளெரிக் 375 பொற்காசோடு 30 எக்ஸ்பியையும் இழப்பார். கோல் குழு முழுவதற்கும் பயன்படும், இழப்பு ஒருவருடையது. பந்தி பரிமாறுபவர் கடைசியில் சாப்பிடுவார் என்பது சரி, அவர் இலையிலிருந்தே எடுத்துப் பிறருக்கு வைப்பது வேறு. 2009-இல் இதே விதிகளைத் தழுவி வெளிவந்த பாத்ஃபைண்டர் ஆட்டம் இந்த எக்ஸ்பிச் செலவை அடியோடு நீக்கிவிட்டது.

திறன்களைப் பயன்படுத்துவதன் மூலமே வளரும் ஆட்டங்களில் உதவி செய்பவரின் நிலை என்ன?

இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சுவையானது. லூக் கிரேன் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட பர்னிங் வீல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் எக்ஸ்பி கிடையாது. ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணிக்கையில் ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் விழுந்த ஒவ்வொரு பகடையும் ஒரு வெற்றி. கேம் மாஸ்டர் சொல்லும் தடை எண்ணுக்குச் சமமாகவாவது வெற்றிகள் வேண்டும். உருட்டும் பகடைகளின் எண்ணிக்கையையும் தடை எண்ணையும் ஒப்பிட்டு, அந்தச் சோதனை வழக்கமானது, கடினமானது, சவாலானது என மூன்றில் ஒன்றாகக் குறிக்கப்படும். தடை எண் பகடைகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் அது சவாலானது. திறன் உயர வேண்டுமானால் இக்குறிகள் உரிய கலவையில் சேர வேண்டும். திறன் எண் 5-ஐ எட்டிய பிறகு வழக்கமான சோதனைகள் கணக்கிலேயே வருவதில்லை.

இப்போது ஒரு சூழல். அறுவை மருத்துவரின் திறன் 5. அவருக்கு உதவும் மூலிகைக்காரியின் திறன் 3. காயத்தின் தடை எண் 4. மருத்துவர் தனியாக உருட்டினால் 5 பகடைக்கு 4 தடை. அது கடினமான சோதனை, வளர்ச்சிக் கணக்கில் சேரும், ஆனால் வெல்லும் வாய்ப்பு 19 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மூலிகைக்காரி உதவினால் ஒரு பகடை கூடும். 6 பகடைக்கு 4 தடை என்றால் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ 34 விழுக்காடாக உயரும். ஆனால் 6 பகடைக்கு 4 தடை என்பது வழக்கமான சோதனை. திறன் 5-இல் அது எதற்கும் உதவாது. அதே நேரத்தில், உதவியவரின் குறி அவருடைய சொந்தத் திறனைத் தடை எண்ணோடு ஒப்பிட்டு எழுதப்படுகிறது: 3-க்கு எதிரே 4 நிற்பதால் மூலிகைக்காரிக்குக் கிடைப்பது சவாலான சோதனை, அதாவது இருப்பவற்றிலேயே அரிய குறி.

ஆக, உதவியால் வளர்கிறவர் துணைப் பாத்திரம். உதவியைப் பெற்றவர் நோயாளியைக் காப்பாற்றும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டு தம் வளர்ச்சியை விட்டுக்கொடுக்கிறார். இந்த ஆட்டத்தில் துணைப் பாத்திரத்தின் வளர்ச்சியைச் சமன்செய்ய யாரும் தனியே எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதன்மைப் பாத்திரம்தான் ‘இந்த முறை நான் தனியாகவே செய்கிறேன், தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்லலாமா என யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தயக்கம் மேசையில் நல்ல காட்சிகளை உண்டாக்குகிறது, ஏனெனில் ஓர் உயிரை வைத்துத் தன் தேர்ச்சியை வளர்த்துக்கொள்ளும் மருத்துவரைப் பற்றிப் பிற பாத்திரங்களுக்கு ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மூலிகைக்காரி எப்போதும் பெரியவரின் தோளுக்குப் பின்னாலிருந்தே சவாலான குறிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தால், அவர் திறன் உயரும், ஆனால் ஒருமுறைகூடத் தோல்வியின் விளைவைத் தம் தலையில் ஏற்றிருக்க மாட்டார். அவர் திறன் 4-ஐத் தாண்டும் சமயத்தில், மருத்துவர் ஊரில் இல்லாத ஓர் இரவை ஏற்பாடு செய்வது கேம் மாஸ்டரின் கடமை.

உதவுபவருக்கு எந்தக் குறியும் தராத ஆட்டங்கள் உள்ளனவே, அவை அநீதியானவையா?

அநீதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவற்றில் கேம் மாஸ்டருக்கு வேலை அதிகம். 2008-இல் வந்த மவுஸ் கார்டு ஆட்டம் பர்னிங் வீலின் உறவுதான். அதில் திறன் ஒன்று உயர, அதன் எண்ணுக்குச் சமமான வெற்றிகளும் அதைவிட ஒன்று குறைவான தோல்விகளும் வேண்டும். திறன் 3 என்றால் மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. ஆனால் குறி உருட்டியவருக்கே, உதவிப் பகடை கொடுத்தவருக்கு இல்லை. எனவே எப்போதும் மிகச் சிறந்தவரையே உருட்ட வைத்து மற்றவர்கள் உதவினால், சிறந்தவர் மேலும் சிறந்தவராவார், பிறர் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். தோல்வியும் வளர்ச்சிக்குத் தேவை என்பதுதான் இங்கே மாற்று மருந்து: தோற்றாலும் குழு தாங்கும் என்ற இடங்களில் துணைப் பாத்திரத்தை முன்னே விட்டுச் சிறந்தவர் உதவலாம்.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க், 2017-இல் வந்தது, வேறு வகையில் கடுமையானது. அதில் ஒருவருக்கு உதவ வேண்டுமானால் தம் மன அழுத்தத்தைக் குறிக்கும் ஒன்பது கட்டங்களில் ஒன்றை நிரப்ப வேண்டும். உதவி பெற்றவருக்கு ஒரு பகடை கூடும். நம்பிக்கையற்ற, அதாவது ஆபத்து மிகுந்த, நிலையில் உருட்டும் செயலுக்கு எக்ஸ்பி உண்டு என்றாலும், உதவியவர் உருட்டாததால் அவருக்கு அது இல்லை. செலவு மட்டும் அவருடையது. ஆனால் அதே விதிகளில் குழுச் செயல் என்று ஒன்று உண்டு. அதில் எல்லோரும் உருட்டுவார்கள், மிகச் சிறந்த விளைவு எல்லோருக்கும் பொருந்தும், நிலை நம்பிக்கையற்றதாக இருந்தால் உருட்டிய அனைவரும் எக்ஸ்பி குறிப்பார்கள். 1 முதல் 3 வரை விழுந்த ஒவ்வொருவருக்காகவும் அழுத்தத்தை ஏற்பவர் தலைமை தாங்கியவர். ஆகவே துணைப் பாத்திரம் எக்ஸ்பியில் பின்தங்குவதாகத் தோன்றினால், ‘நீ உதவு’ என்பதற்குப் பதிலாக ‘நீ தலைமை தாங்கு’ என்று மேசையில் ஒரு வார்த்தை சொன்னாலே போதும், விதி எதையும் மாற்ற வேண்டாம்.

தோல்விக்கு எக்ஸ்பி தரும் முறை துணைப் பாத்திரத்துக்கு நல்லதா?

உருட்டுகிற துணைப் பாத்திரத்துக்கு நல்லது. 2012-இன் டன்ஜன் வேர்ல்டு ஆட்டத்தில் இரு பகடைகளின் கூட்டல் 6 அல்லது அதற்குக் கீழ் வந்தால் எக்ஸ்பி ஒன்று. உதவி செய்வதற்கும் அங்கே உருட்ட வேண்டும். ஓரளவே வெற்றி பெற்றால் உதவியவரும் ஆபத்தில் சிக்குவார், தோற்றால் எக்ஸ்பி அவருக்கு. எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஆட்டத்தின் கிளெரிக், நற்குணச் சார்பைத் தேர்ந்தால், பிறரை ஆற்றத் தன்னையே ஆபத்துக்கு உள்ளாக்கியதற்காக ஆட்டநாளின் முடிவில் எக்ஸ்பி பெறுகிறார். ஆற்றியதற்குப் பரிசு இல்லை; ஆபத்தை ஏற்று ஆற்றியதற்கே பரிசு. எண்ணிக்கையைக் கணக்கிட்ட இரண்டாம் பதிப்பு கோட்டைவிட்ட வேறுபாடு இதுதான். வேறு ஆட்டம் ஆடுபவர்களும் இந்த ஒரு வரியைத் தயங்காமல் கடன் வாங்கலாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் கிளெரிக்குக்கு உண்மையான சவாலை எப்படி வைப்பது?

முதலில் அங்கே சவால் ஏன் இல்லாமல் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காயம் ஆற்றும் மந்திரம் தோற்காது. எவ்வளவு ஆறும் என்பதற்கு மட்டுமே பகடை. ‘ஹீலிங் வேர்டு’ 60 அடி தொலைவிலிருந்து வேலை செய்யும், அதுவும் தம் முறையின் முதன்மைச் செயலோடு கூடுதலாகச் செய்யும் போனஸ் ஆக்‌ஷனாக. உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்தவர் ஒரு புள்ளி கிடைத்தாலும் எழுந்து முழு வலிமையோடு அடிப்பார். ஆகவே ‘விழட்டும், பிறகு எழுப்பலாம்’ என்பதே எப்போதும் சரியான விடையாகிவிடுகிறது. விடை எப்போதும் ஒன்றே என்றால் அங்கே தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் சவாலும் இல்லை. 2024 பதிப்பு ‘கியூர் வூண்ட்ஸ்’ மந்திரத்தின் அடிப்படையை ஒரு எட்டுமுகப் பகடையிலிருந்து இரண்டாக உயர்த்தியதால், விழுவதற்கு முன்பே ஆற்றுவதும் ஓரளவு பயனுள்ளதாயிற்று. ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கிறது.

பலனளிக்கும் முதல் வழி, வளத்தை அரிதாக்குவது. முதல் லெவல் கிளெரிக்குக்கு இரண்டு மந்திர இடங்களே உண்டு; ஆற்றும் மந்திரம் ஒவ்வொன்றும் ஓர் இடத்தைச் செலவழிக்கும், நீண்ட ஓய்வுக்குப் பிறகே அவை மீளும். 2014-இன் கேம் மாஸ்டர் கையேடு, நீண்ட ஓய்வு ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே நடுத்தரமும் கடினமுமான ஆறு முதல் எட்டு மோதல்கள் வரும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. பல மேசைகளில் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் நடக்கின்றன. அந்நிலையில் எல்லா மந்திரங்களையும் முதல் சண்டையிலேயே செலவழிக்கலாம், எதையும் மறுக்க வேண்டியதில்லை. மூன்று மோதல்கள் வரும் என்று தெரிந்தால் மட்டுமே, இரண்டாவது மோதலில் அடிபட்டுக் கிடக்கும் தோழரிடம் ‘இப்போது முடியாது’ என்று சொல்லும் சுமை கிளெரிக்கின் மீது இறங்கும்.

இரண்டாவது வழி, இடத்தைப் பயன்படுத்துவது. இருவர் எதிரெதிர்த் திசையில் நூற்றைம்பது அடி இடைவெளியில் விழுந்து கிடந்தால், நடுவில் நின்றாலும் ஹீலிங் வேர்டு இருவரையும் எட்டாது. யாரிடம் போவது என்பதோடு எந்த வழியாகப் போவது என்பதும் தீர்மானிக்க வேண்டியதாகிறது.

மூன்றாவதுதான் பலர் மறந்துபோவது: கவனம் நிலைக்க வேண்டிய மந்திரங்கள். ‘பிளெஸ்’ மூன்று பேருக்குத் தாக்குதலிலும் தற்காப்பு உருட்டலிலும் நான்குமுகப் பகடை ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும். அதை இட்டவர் அடிபட்டால், பட்ட அடியில் பாதி அல்லது 10, எது பெரிதோ அதை எதிர்த்து உடல் உறுதிக்கு உருட்ட வேண்டும். தோற்றால் மூவரின் துணையும் அந்தக் கணமே அறும். எதிரிகளில் ஒருவராவது மந்திரம் யாரிடமிருந்து வருகிறது என்று அறியும் அளவுக்கு அறிவுள்ளவராக இருக்கட்டும். அப்போது சண்டையின் மையம் கிளெரிக் நிற்கும் இடத்துக்கு நகர்கிறது, உருட்டல் அவருடையதாகிறது, தோல்வியும் அவர் பெயரில் பதிவாகிறது. இதை ஒவ்வொரு சண்டையிலும் செய்யக் கூடாது. செய்தால் அது துணைப் பாத்திரத்தைத் தண்டிப்பதாக மாறிவிடும், அடுத்த முறை யாரும் பிளெஸ் இட மாட்டார்கள்.

ஒருவருக்கென்றே தனித் தடை வைத்தால் மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்திருப்பார்களே?

தனித் தடை என்பதைத் தனிக் காட்சி என்று எடுத்துக்கொள்வதால் வரும் அச்சம் இது. பூட்டிய அறையில் நோயாளியும் கிளெரிக்கும் மட்டும் இருக்க, மற்ற நால்வர் அரை மணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது எவருக்கும் வேண்டாம். ஒரே காட்சிக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓட வேண்டும்: வாசலில் நிற்பவர்கள் எத்தனை சுற்று தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது ஒன்று, உள்ளே நச்சு முறிய எத்தனை வெற்றிகள் வேண்டும் என்பது மற்றொன்று. அப்போது வீரர்கள் துணைப் பாத்திரத்துக்கு நேரம் வாங்கித் தருகிறார்கள். யார் யாருக்குத் துணை என்பது தலைகீழாகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரு கதைத்தொடரில் சில முறை நடந்தாலே துணைப் பாத்திரத்தை ஆடுபவரின் மனக்குறை பெரும்பாலும் அகன்றுவிடும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில், பிறர் உருட்டலுக்கு உதவும் ‘எய்ட்’ செயல் காலப்போக்கில் சலிப்பூட்டுவது ஏன்?

அதில் வெல்ல எட்ட வேண்டிய இலக்கு எண் லெவலோடு உயராததால். 2019-இல் 20 ஆக இருந்த அந்த எண், 2023-இன் ரீமாஸ்டர் திருத்தத்தில் 15 ஆனது. முதல் லெவலில் கூட்டல் 7 உள்ளவர் இருபதுமுகப் பகடையில் 8 உருட்ட வேண்டும், அது சவால். பத்தாம் லெவலில் கூட்டல் 20-ஐ எட்டியவர், பகடையில் 1 விழுந்தாலன்றித் தோற்க மாட்டார். ஆனால் கேம் மாஸ்டர் சூழ்நிலைக்கேற்ப எண்ணை மாற்றலாம் என்று விதியே அனுமதிக்கிறது. உதவி எளிதாக இருக்க வேண்டிய இடங்களில் 15 இருக்கட்டும். கதையின் போக்கை மாற்றும் உதவிக்கு லெவலுக்குரிய எண்ணை வைப்பது நல்லது.

கூலிவீரர், சீடர் போன்ற இரண்டாம் வகைத் துணைவர்களுக்கு எவ்வளவு எக்ஸ்பி தருவது?

பதிப்புக்குப் பதிப்பு விடை வேறுபடுகிறது. பழைய விதிகளில், பிறர் ஆணைப்படி நடப்பவர் என்பதால், துணைவருக்குப் பாதிப் பங்கு. 2014-இன் ஐந்தாம் பதிப்பில், கணிசமாக உதவிய துணைவரையும் குழுவின் ஓர் உறுப்பினராக எண்ணி வகுக்கச் சொல்லப்பட்டிருக்கிறது: இரண்டு ஓகர்களை வீழ்த்தினால் 900 எக்ஸ்பி, நால்வர் என்றால் ஆளுக்கு 225, துணைவர் ஒருவர் சேர்ந்தால் 180. உதவியை நாடும் குழுவுக்கு இது ஒரு சிறு தண்டமாக அமைகிறது. அது தவறென்று சொல்ல முடியாது. பாதுகாப்பைக் கூட்டிக்கொள்பவர்கள் மெதுவாக வளர்வது நியாயம்தான்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் நேர்த்தியானது 3.5 பதிப்பின் தீர்வு. தலைமைப் பண்பு (லீடர்ஷிப்) என்ற சிறப்புத் திறனின் மூலம் சேர்ந்த துணைவர் குழுவின் பங்கில் கை வைப்பதில்லை. தலைவருக்குக் கிடைத்த எக்ஸ்பியைத் துணைவரின் லெவலால் பெருக்கித் தலைவரின் லெவலால் வகுத்து, அந்த அளவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். எட்டாம் லெவல் தலைவர் அடுத்த லெவலுக்கு ஏற 8,000 எக்ஸ்பி வேண்டும். அந்தக் காலத்தில் ஆறாம் லெவல் துணைவருக்கு 6,000 கிடைக்கும். ஆறிலிருந்து ஏழுக்கு ஏற வேண்டியதும் சரியாக அதே 6,000. ஒவ்வொரு லெவலுக்கும் லெவலின் ஆயிரம் மடங்கு எக்ஸ்பி என்பது அந்தப் பதிப்பின் அட்டவணை என்பதால், இருவருக்கும் இடையே உள்ள இரண்டு லெவல் இடைவெளி எப்போதும் மாறாது. போதாக்குறைக்கு, துணைவர் தலைவரைவிட ஒரே லெவல் குறைவானவராக ஆகும் நிலை வந்தால், அதற்கு ஒரு புள்ளி குறைவாக அவர் நிறுத்தப்படுவார். வளர்ச்சி உண்டு, முந்துதல் இல்லை. 2020-இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த சைடுகிக் (துணையாள்) விதிகள் எக்ஸ்பியையே விட்டுவிட்டு, குழுவின் சராசரி லெவல் ஏறும்போது துணைவரும் ஏறுவார் என்று சுருக்கமாக முடித்துவிட்டன. கணக்குப் போட விரும்பாத மேசைக்கு அதுவே போதும்.

கதையின் மைல்கல்லை எட்டும்போது எல்லோரும் லெவல் ஏறும் மைல்ஸ்டோன் முறைக்கு மாறிவிடலாமா?

மாறலாம், புள்ளிக் கணக்கு ஒழியும். எல்லோரும் ஒரே நாளில் ஏறுவார்கள். ஆனால் அந்த மைல்கல்லை எட்ட வைத்த செயல் யாருடையது என்ற கேள்வி அப்படியே நிற்கும். மைல்கற்களை எழுதும்போது அவற்றில் ஒன்றாவது துணைப் பாத்திரத்தின் தேர்ச்சியால் மட்டுமே அடையக்கூடியதா என்று பாருங்கள்: நோய் பரவும் ஊரை மீட்பது, கலைந்துபோகும் கூட்டணியைப் பாணரின் நாவன்மையால் ஒட்டவைப்பது போன்றவை.

துணைப் பாத்திரத்தை ஆடுபவரே ‘எனக்குப் பின்வரிசையே போதும்’ என்றால்?

நம்புங்கள். வெளிச்சம் வேண்டாதவர்களும் மேசைக்கு வருகிறார்கள். குழுவைக் கவனித்து, சரியான கணத்தில் சரியான பகடையைக் கொடுப்பதில் அவர்கள் காணும் மகிழ்ச்சி உண்மையானது. அவர்களைக் கட்டாயப்படுத்தி முன்னே தள்ளுவது சவாலைச் சமன்செய்வதாகாது. 1987 முதல் வரும் ஆர்ஸ் மேஜிகா ஆட்டத்தில் மாயவித்தகர், தோழர், குரோக் எனப்படும் பணியாள் என்ற மூன்று அடுக்குப் பாத்திரங்கள் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதையில் வெவ்வேறு அடுக்கில் ஆடுவார்கள். இன்று கோட்டைக் காவலனாக ஈட்டி பிடித்து நின்றவர் அடுத்த கதையில் மாயவித்தகர். பின்வரிசை அங்கே முறை வைத்துச் சுழல்கிறது. எனவே விருப்பத்தோடு பின்னே நிற்பவரையும், வேறு வழியில்லாமல் பின்னே நிற்பவரையும் எளிதில் வேறுபடுத்திப் பார்க்க முடிகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘யாராவது கிளெரிக் ஆட வேண்டுமே’ என்று குழு சொன்னதால் ஒப்புக்கொண்டவர், கேட்டால் ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வார். அவரிடம் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்பதைவிட, அடுத்த லெவலில் எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்பது பயன் தரும். விருப்பத்தோடு ஆடுபவர் அந்த லெவலை முன்பே படித்து வைத்திருப்பார்.

தொடர் நடுவில் இருக்கும்போது நிலைமை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஆட்டநாள் முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நேராக, அவர் பெயரில் பதிவான, முடிவு தெரியாதிருந்த உருட்டல் ஒன்றையேனும் உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். ஆற்றியது, ஊக்கியது, கூட்டல் கொடுத்தது ஆகியவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். தொடர்ந்து இரண்டு ஆட்டநாள்கள் ஒருவர் பெயருக்கு நேரே வெறுமையாக இருந்தால், மூன்றாவது நாளுக்கான தயாரிப்பை அவருடைய திறன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அவர் எதில் வல்லவரோ அதில் அல்லாமல், எதில் இன்னும் ஒரு படி குறைவாக இருக்கிறாரோ அதில் தடையை வையுங்கள்.